பயந்தாங்கொள்ளியின் ஆராய்ச்சி

என் தங்கைக்கு வீட்டில் பெயர் பயந்தாங்கொள்ளி. வைத்தவன் நான்தான். மின்விசிறிக்கு நேர் கீழே படுக்கமாட்டாள். லிஃப்டில் நாலு பேர் ஏறிவிட்டால் அவள் படியேறித்தான் வருவாள். இப்படிப்பட்டவள் கட்டடப் பொறியியல் படிக்கப் போனபோது வீடே சிரித்தது.

படித்து முடித்ததும், வெளிநாட்டில் முனைவர் பட்ட ஆராய்ச்சிக்கு விண்ணப்பித்தாள். கான்கிரீட்டுக்குள் கம்பி துருப்பிடித்தால் தூண் எத்தனை காலம் தாங்கும் என்பது ஆராய்ச்சி. எதற்கு இந்தத் துறை என்று நேர்காணலில் கேட்டார்களாம். பயம்தான் காரணம் என்று உளறிவிட்டு, அறையை விட்டு வந்து அழுதாள். அதற்காகவே எடுத்தார்களோ என்னவோ, இடம் கிடைத்துவிட்டது.

போவதற்கு முன் கை பழகட்டும் என்று ஒரு சின்னச் சுத்தியலோடு எங்கள் அடுக்குமாடியின் வண்டி நிறுத்தும் தளத்தில் இறங்கினாள். கான்கிரீட் நன்றாக இருந்தால் தட்டும்போது கணீரென்று கேட்கும். உள்ளே கம்பி துருவேறி உப்பியிருந்தால் பொத்துப் பொத்தென்று கேட்கும். எங்கள் வீட்டுக்கு நேர் கீழே இருக்கும் மூலைத் தூண், முழங்கால் உயரம்வரை பொத்துப் பொத்தென்றது.

குடியிருப்போர் கூட்டத்தில் சொன்னாள்.

"ஏம்மா, வீட்டு விலைய நீயே கெடுத்துடுவ போலிருக்கே" என்றார் செயலாளர். தூணுக்குப் புதுப் பெயின்ட் அடித்துக் கொடுத்தார். பெரிய மனசு.

"நான் போகல. அம்மா இங்க இருக்கும்போது எப்படிப் போறது?" என்று பெட்டியைப் பிரித்துப் போட்டாள்.

"வாராவாரம் நான் தட்டிப் பாக்குறேன். நீ ஃபோன்ல கேளு. முதல்ல கிளம்பு" என்றேன். அவளை அனுப்புவதற்காகச் சொன்ன பேச்சுதான். ஆனாலும் தட்டினேன்.

போன ஞாயிற்றுக்கிழமை ஃபோனைத் தூணோடு ஒட்டிப் பிடித்துத் தட்டியபோது, உள்ளங்கை அகலத்துக்கு ஒரு சில்லு பெயர்ந்து காலடியில் விழுந்தது. உள்ளே இருந்த கம்பியைத் தொட்டேன். செதில் செதிலாக உதிர்ந்தது.

"எதுவரைக்கும் சத்தம் மாறியிருக்கு?"

"நெஞ்சு வரைக்கும்."

"விரிசல்?"

"ஒண்ணு இருக்கு. சாய்வா போகுது. போன வாரம் இல்ல."

அவள் மூச்சு வாங்குவது கேட்டது.

"அண்ணா, இங்க நாங்க தூணை அழுத்தி உடைச்சுப் பாப்போம். உடையறதுக்கு முன்னாடி இப்படித்தான் சாய்வா விரிசல் விடும். அம்மாவ வெளிய கூட்டிட்டு வா. எல்லாரையும் வரச்சொல்லு. இப்பவே."

வெளியே ஓடி வந்து அண்ணாந்து பார்த்தேன். மூன்றாவது மாடி பால்கனியில் அம்மா துணி உலர்த்திக்கொண்டிருந்தாள்.

"அம்மா, கீழ வா. சீக்கிரம்."

"ஏன்டா, அவ மறுபடியும் பயமுறுத்தினாளா?"

"இல்லம்மா. எனக்கே பயமா இருக்கு."

அம்மா கையிலிருந்த துணியை அப்படியே கொடியில் போட்டாள். "அடுப்ப அணைச்சிட்டு, எதிர்வீட்டுக்காரங்களையும் கூட்டிட்டு வரேன்" என்றாள்.