யானைக் குட்டி எதால் பால் குடிக்கும்

ஐந்தாம் வகுப்போடு படிப்பை விட்டவன் நான். பழைய டிராக்டர் ஒன்றை வைத்துத்தான் தொழிலைத் தொடங்கினேன். இன்று ஏம்பலம் பக்கம் யார் கரும்பு வெட்டினாலும் என் வண்டியைத்தான் கூப்பிடுகிறார்கள். எனக்கு இலங்கைக் காடுகளைச் சுற்றிப் பார்க்கத் திட்டம் போடுவது ஒரு வேலையா? எந்தக் காட்டில் சிறுத்தை, எந்தக் குளத்தில் யானைக் கூட்டம் என்று செல்போனில் பார்த்தே முடிவு செய்துவிட்டேன். மனைவிதான் வர மறுத்தாள்.

“மயிலும் பன்னியும் நம்ம மல்லாட்டக் கொல்லையிலயே மேயுது. அதுக்கு இன்னாத்துக்குய்யா ஏரோப்பிளேனு?”

அவள் இல்லாமல் போக எனக்கு மனமில்லை. மாடு கன்று என்றால் ஊரில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது. அதனால் ஒரு குட்டி யானையின் படத்தைக் காட்டி, “இது தும்பிக்கையாலதான் பால் குடிக்கும்” என்றேன்.

“போய்யா. எந்தக் கன்னுக்குட்டியாச்சும் மூக்கால குடிக்குமா? வாயாலதான் குடிக்கும்.”

“நீ பாத்தியா?”

“நீ பாத்தியா?”

சாப்பாடு பரிமாறும்போதுகூட அதே சண்டைதான். கடைசியில், “வாய்யா, நேர்லயே காட்டுறேன்” என்று அவளே பாஸ்போர்ட்டுக்குப் போட்டோ எடுக்கக் கிளம்பினாள்.

வாயால்தான் குடிக்கும் என்பது எனக்குத் தெரியாதா என்ன? அதை அங்கே போய் ஒத்துக்கொள்கிறேன்.