மழைக்காடு படிப்பித்த கிழமை

யுத்தம் முடிந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. புத்தளம் தில்லையடியில் ஒரு முன்பள்ளியில் படிப்பித்துக்கொண்டிருந்தேன். அந்தக் கிழமை முழுக்க மழைக்காடுதான் பாடம். புத்தளத்து வெயிலில் வளரும் பிள்ளைகளுக்குச் சிங்கராஜக் காட்டை எப்படிக் காட்டுவது? ஜன்னல்களைச் சாத்திவிட்டு, என்னிடமிருந்த பச்சைச் சேலைகளையெல்லாம் தொங்கவிட்டேன். பிள்ளைகள் கதிரைகளில் விரலால் தட்ட, வகுப்பில் மழை பெய்தது. நாலரை வயதுப் பிள்ளையொருத்தி தவளையாக மாறி, மேசைக்கடியிலிருந்து வெளியே வர மறுத்தாள்.

கடைசி நாள், காட்டை ஏன் காக்க வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தேன். சின்னப் பிள்ளைகளுக்கு விளங்க வேண்டுமே என்று, "மரத்த வெட்டுறவங்க கெட்ட மனிசர்" என்று சொல்லிவிட்டேன்.

திங்கட்கிழமை காலை அந்தத் தவளைப் பிள்ளையின் வாப்பா வந்தார். என்னைப் போலவே, தொண்ணூறில் புலிகள் முஸ்லிம்களையெல்லாம் வெளியேற்றியபோது மன்னாரை விட்டு வந்தவர். அப்போது அவர் சிறு பையன். ஆளில்லாத ஊரைக் காடு மூடிவிட்டிருந்தது. இப்போது தங்கள் வீட்டு வளவில் மரம் வெட்டித் துப்புரவாக்க அங்கே போய்த் தங்கி, வெள்ளிக்கிழமைகளில் திரும்புவார். கையெல்லாம் முள் கிழித்த தழும்பு.

"டீச்சர், மகள் என்னோட கதைக்கிறாள் இல்ல. கிட்டப் போனா உம்மாக்குப் பின்னால ஒளியிறாள். நான் கெட்ட மனிசனாம்."

அவர் தழும்பேறிய கைகளை விரித்தார்.

"என்ட உம்மா சோறாக்கின இடத்தில ரெண்டு வேம்பு நிண்டிச்சு. அத வெட்டாம நான் எங்க ஊடு கட்டுற?"

அவர் சத்தம் போட்டிருந்தால் தாங்கியிருப்பேன். நான் பிள்ளையைக் கூப்பிட்டு மடியில் வைத்துக்கொண்டேன்.

"டீச்சர் பிழையாச் சொல்லிட்டன் மகள். வாப்பா நல்லவர். உங்களுக்கு ஊடு கட்டத்தான் வெட்டினார்."

அவள் முதன்முறையாக வாப்பாவை நிமிர்ந்து பார்த்தாள்.

"அந்த மரத்தில குருவிக்கு ஊடு இருந்திச்சா?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். அந்த மனிதருக்குப் பொய் வரவில்லை.

"ஓம் மகள். இருந்திச்சு."

அவள் மடியிலிருந்து இறங்கி மற்றப் பிள்ளைகளிடம் போய்விட்டாள். அவர் கொஞ்ச நேரம் வாசலில் நின்றுவிட்டுப் போனார்.

சில மாதங்களில் குடும்பமே ஊருக்குத் திரும்பியது. ஒருநாள் மனம் கேட்காமல் அவருக்குப் போன் எடுத்தேன்.

"இப்ப கதைக்கிறாள் டீச்சர்," என்றார் அவர். "நான் மரம் வெட்டுற கத்திய எடுத்தா மட்டும் எழும்பி உள்ளுக்குப் போயிடுவாள்."

எங்கள் வளவும் அந்தப் பக்கம்தான் இருக்கிறது. அங்கே என்ன மரம் வளர்ந்து நிற்கிறதென்று பார்க்க நான் இன்னும் போகவில்லை.