மாறிப்போன சப்பாத்து

லண்டன் தோர்ண்டன் ஹீத்திலிருந்து நானும் மனைவியும் ஜப்பானுக்குச் சுற்றுலா போனபோது, நிக்கோவில் உள்ள பழைய ஆலயங்களைப் பார்த்தோம். திரும்பிய பக்கமெல்லாம் பொன்பூச்சும் மரச்சிற்பங்களும். பெரிய மண்டபத்துக்குள் சப்பாத்தைக் கழற்றிவிட்டுத்தான் போகவேண்டும். பார்த்து முடித்து, அடுத்த ஆலயத்துக்குப் போகும் மலைப்படிகளில் பாதி ஏறியபின் மனைவி என் காலைக் கவனித்தாள்.

“இது உங்கட சப்பாத்து இல்லையப்பா!”

உண்மைதான். நிறமும் அளவும் ஒன்றே. நாடா மட்டும் வேறு.

“ஆர் பாக்கப்போறது? திரும்ப இறங்கி ஏற என்னால ஏலாது. வா,” என்றேன். நினைத்தால் இன்றைக்கும் கூசுகிறது.

“அப்ப அந்த மனுசன் எப்பிடி வீட்டை போவார்?” என்று கேட்டுவிட்டு அவள் இறங்கத் தொடங்கினாள். நானும் முணுமுணுத்தபடி பின்னால் போனேன்.

மண்டப வாசலில் ஒரு முதியவர் வெறும் காலுறையோடு குளிரில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் என் சப்பாத்து. என்னைக் கண்டதும் எழுந்து, குனிந்து, “சொறி, சொறி” என்று மன்னிப்புக் கேட்டார். அதே மாதிரிச் சப்பாத்து வைத்திருந்தது தன்னுடைய பிழை என்பதுபோல!

நான் அவரை உட்காரவைத்து, என் காலில் இருந்ததைக் கழற்றி, முழங்காலிட்டு அவருக்கு மாட்டி நாடாவைக் கட்டிவிட்டேன். அவர் என் தோளைத் தட்டிச் சிரித்தார்.

லண்டன் பஸ்ஸில் நாளுக்கு நூறு முறை சொறி சொல்கிறவன் நான். உண்மையாகவே நான் சொல்லவேண்டிய அன்று அதை அவர்தான் சொன்னார். இப்போதெல்லாம் அதைச் சொல்லுமுன் எதிரே நிற்பவரின் முகத்தை ஒருமுறை பார்க்கிறேன்.