மேற்கே பாறை, கிழக்கே பனியாறு

அந்த மலையை நான் கண்டதில்லை. ஆனால் அது எப்படி இருக்கும் என்று யாரும் கேட்டால் சொல்லுவேன். அன்டார்டிகாவுக்குப் போக முன்னர், பாரிஸுக்குப் பக்கத்தில் சார்செலில் உள்ள எங்கள் வீட்டில் மகள் வரைபடத்தை விரித்து எனக்கும் மனைவிக்கும் விளக்கினாள். கிழக்கே சரிவான பனியாறு. விமானம் இறங்குவது அங்கேதான். மேற்கே கறுத்த பாறை, செங்குத்தாக உறைந்த கடல்வரை இறங்கும். உச்சிக்குக் கீழே, இரண்டு முகடுகளுக்கு நடுவில் ஒரு பள்ளம். அவளும் கூட வேலை செய்யும் மூன்று பேரும் அதில் கூடாரம் அடித்து ஆராய்ச்சிக்குக் கல் எடுப்பார்களாம்.

"காத்து முழுக்க அந்தப் பள்ளத்துக்குள்ளதானே வரும்?" என்றாள் மனைவி.

மகள் பிரெஞ்சில் ஏதோ சொல்லிச் சமாளித்தாள்.

போன பிறகு ஒவ்வொரு நாளும் காலையில் சேதி அனுப்புவாள். ஒருநாள், 'காற்று பலம். கூடாரத்துக்குள் இருக்கிறோம்' என்று வந்தது. அதற்குப் பிறகு ஒன்றுமில்லை. மறுநாளும் இல்லை. அவளுடைய அலுவலகத்துக்குப் போன் எடுத்தேன். மெத்தெயோ, அதாவது வானிலை, சரியில்லை, விமானம் போகாது, பொறுங்கள் என்றார்கள்.

நான் பாரிஸில், லா ஷப்பலில் ரெஸ்ரோறன்ற் ஒன்றில் சமைக்கிறேன். அன்றைக்கும் போனேன். முதலாளி என் முகத்தைப் பார்த்துவிட்டு, "அண்ணை, வீட்டை போங்கோ" என்றார்.

"போய் என்ன செய்யிறது? இஞ்சை நிண்டால் கையாவது வேலை செய்யும்."

மத்தியானச் சனம் நிறைந்திருந்த நேரம், தெரியாத நீண்ட நம்பரில் போன் அடித்தது. அடுப்புக்கு மேல் இரைந்த காற்றாடியை நிறுத்தினேன்.

"அப்பா, கேக்குதோ?"

"ஓம், ஓம். எங்கை நிக்கிறாய்?"

"கீழ வந்திட்டம். கூடாரம் கிழிஞ்சு போச்சு. எல்லாரும் ஒரே கயித்தில கட்டிக்கொண்டு இறங்கினம். பனியாத்தில வெடிப்பு இருந்தது, மேலால பனி மூடியிருந்தபடியா தெரியேல்ல. ஒராள் உள்ள விழுந்து கயித்தில தொங்கி, மற்ற ஆக்கள் இழுத்தெடுத்தவை."

"ஆர் விழுந்தது?"

போன் அறுந்துவிட்டதோ என்று பார்த்தேன்.

"நான்தான். முழங்கால்ல மட்டும்தான் அடி, அப்பா. அம்மாவுக்கு இப்ப சொல்லாதேங்கோ."

போனை வைத்ததும் மனைவிக்குத்தான் எடுத்தேன். பொய் சொல்ல வாய் வரவில்லை. அவள் அழவில்லை. "விமானம் எப்ப வரும்?" என்று மட்டும் கேட்டாள். எனக்குத் தெரியாது என்றேன்.

காற்று அடங்கிய பிறகு விமானம் வந்தது. பாரிஸ் விமான நிலையத்தில் ஊன்றுகோலோடு நடந்துவந்த பிள்ளையை மனைவி கட்டிப்பிடித்தாள். பிறகு வீடு வரும்வரைக்கும் ஏசிக்கொண்டே வந்தாள்.