இரண்டு எழுத்தில் நின்ற கம்ப்யூட்டர்

1. காலை பத்தரை

"எல், ஐ. ரெண்டே எழுத்து. அதுக்கு மேல நகர மாட்டேங்கறது. விண்டோஸும் வரலை, லினக்ஸும் வரலை" என்றார் மைதிலி மேடம் ஃபோனில்.

தி.நகரில் நான் வேலை பார்த்த சர்வீஸ் சென்டரில் பிரசவ விடுப்பு முடிந்து சேர்ந்து மூன்றாவது வாரம். ஏழு மாத மகளை மந்தைவெளியில் ஒரு குழந்தைகள் காப்பகத்தில் விட்டுவிட்டு வருவேன். அன்று காலை அவள் நெற்றி சூடாக இருந்ததா, என் கைதான் சூடாக இருந்ததா என்று பஸ்ஸிலேயே குழம்பத் தொடங்கியிருந்தேன்.

மைதிலி மேடம் கணிதத்தில் ஆராய்ச்சி செய்பவர். மயிலாப்பூரில் வீடு. தீசிஸை லினக்ஸில் எழுதினார். அதே கம்ப்யூட்டரில் அவருடைய மாமனார் விண்டோஸில் ஜாதகம் கணிப்பார். எது வேண்டும் என்று ஸ்விட்ச் போட்டதும் கேட்பது லைலோ என்ற சின்ன புரோகிராம். எழும்போது எல், ஐ, எல், ஓ என்று தன் பெயரின் நான்கு எழுத்துகளையும் ஒவ்வொன்றாகத் திரையில் காட்டும். அது படுத்தால் இரண்டுமே எழாது.

"தீசிஸ் காப்பி இருக்கா மேடம்?"

"ஃப்ளாப்பில மொத ரெண்டு சாப்டர்தான் இருக்கு. நாளைக்கு கைடுகிட்ட குடுத்தாகணும். மாமனார் வேற, தெரிஞ்ச பையன் மத்தியானம் வந்து ஃபார்மட் பண்ணிடுவான்ங்கறார்."

"நான் வர்ற வரைக்கும் யாரையும் தொட விடாதீங்க."

முந்தைய திங்கட்கிழமைதான் அந்த வீட்டுக்குப் போய் டிஸ்க்கில் வேண்டாத கோப்புகளை அழித்துச் சுத்தம் செய்துவிட்டு வந்திருந்தேன். அதை எங்கள் முதலாளியிடம் சொன்னேன்.

"அதுக்கு இப்ப இன்னான்ற? வோல்டேஜ் பிராப்ளம்னு எழுதிட்டு வந்துகினே இரு. நம்ம பேரு மட்டும் அடிபடக்கூடாது" என்றார்.

சர்வீஸ் ரிப்போர்ட்டில் 'பழுதின் காரணம்' என்று ஒரு கட்டம் உண்டு. எங்கள் ஆபீஸில் அதில் வோல்டேஜ் என்று எழுதுவோம், இல்லாவிட்டால் 'பயன்படுத்தியவர் தவறு' என்று எழுதுவோம். மூன்றாவது காரணம் எழுதி நான் பார்த்ததில்லை.

2. ஒரே வீட்டில் இரண்டு குடித்தனம்

கதவைத் திறந்த பெரியவர், மேடத்தின் மாமனார், என் பையைத்தான் முதலில் பார்த்தார். ஸ்க்ரூடிரைவருக்குப் பக்கத்தில் பால் புட்டி நீட்டிக்கொண்டிருந்தது.

"ஒரே ஆத்துல ரெண்டு குடித்தனம் வெச்சா இப்படித்தாம்மா ஆகும். ஒண்ணைக் காலி பண்ணச் சொல்லு" என்றார்.

"எதைக் காலி பண்ணணும்ங்கறேள்? உங்க ஜாதகத்தையா?" என்றார் மைதிலி மேடம் உள்ளேயிருந்து.

கேபிளை அழுத்தினேன். ஸ்விட்ச் போட்டதும் முதலில் வரும் பயாஸ் திரையில் டிஸ்க் தெரிந்தது. அப்படியானால் டிஸ்க் சாகவில்லை. ஆனால் தெரிவதும் படிக்க முடிவதும் ஒன்றா? லைலோ இல்லாமலே கம்ப்யூட்டரை எழுப்பும் பூட் ஃப்ளாப்பியை எடுத்தேன். மூன்று பிரதிகள் வைத்திருந்தேன், மகளின் துணியில் சுற்றி. முதல் ஃப்ளாப்பி கரகரவென்று சத்தம் போட்டு, படிக்க முடியவில்லை என்றது. இரண்டாவதைப் போட்டு, டிஸ்க்கில் லினக்ஸ் இருக்கும் பகுதியின் பெயரைக் கையால் டைப் செய்து எண்டரைத் தட்டினேன்.

எழுத்துகள் வரிவரியாக ஓடின. லாகின் வந்தது. மேடம் என் தோளுக்கு மேல் குனிந்து தன் ஃபோல்டரைத் திறந்தார். ஐந்து சாப்டர்களும் இருந்தன. அவர் அப்படியே கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். நான் முதலில் அவற்றை நான்கு ஃப்ளாப்பிகளில் காப்பி செய்தேன். அதன் பிறகுதான் காரணம் தேடினேன்.

லினக்ஸ் எழத் தேவையான கோப்புகள் கிடக்கும் பூட் டைரக்டரியைப் பட்டியலிட்டுப் பார்த்தேன். எல்லாக் கோப்புகளிலும் ஒரே தேதி. திங்கட்கிழமை.

அன்று டிஸ்க்கில் கை வைக்கப் பயந்து, எதற்கும் இருக்கட்டும் என்று அந்த டைரக்டரியைப் பெயர் மாற்றி ஒதுக்கினேன். அதிலிருந்து ஒரு காப்பியைப் பழைய பெயரில் வைத்தேன். வேலை முடிந்ததும், இடம் அடைக்கிறதே என்று ஒதுக்கியதை அழித்தேன். இரண்டு முறை ரீஸ்டார்ட் செய்து பார்த்தேன், நன்றாக எழுந்தது. ஆனால் லைலோ கோப்பின் பெயரைப் பார்ப்பதில்லை. டிஸ்க்கில் அது கிடக்கும் இடத்தைத்தான் நினைவில் வைத்திருக்கும். அது நினைவில் வைத்திருந்தது நான் அழித்த பழைய கோப்புகளின் இடத்தை. அந்த இடம் சில நாட்கள் கலையாமல் கிடந்தது. மேடம் புதிதாக எழுதிய பக்கங்கள் அங்கே போய் உட்கார்ந்ததும் லைலோ வழியிலேயே நின்றுவிட்டது. கோப்புகளை இடம் மாற்றினால் லைலோ கட்டளையை மறுபடி ஓட்ட வேண்டும். நான் ஓட்டவில்லை.

அப்போது பெரியவர் தொண்டையைச் செருமினார்.

"மைதிலி, நேத்திக்கு சாயங்காலம் நான்தான் ஷட்டவுன் பண்ணாம ஸ்விட்சை அணைச்சேன். கோவிலுக்கு நாழியாயிடுத்துன்னு..."

மேடம் அவரைப் பார்த்த பார்வையில் அவர் பேச்சு நின்றுவிட்டது.

என் கையில் ரிப்போர்ட் இருந்தது, அந்தக் கட்டம் காலியாக இருந்தது. முதலாளி சொன்ன காரணத்தைவிட நல்ல காரணம் தானாகவே வந்து நின்றது. வேலை போனால் காப்பகம், பால் பவுடர் எல்லாம் என்ன ஆகும் என்று மனம் ஓடியது. பெரியவர் வேட்டி நுனியைத் திருகிக்கொண்டிருந்தார்.

"சார், நீங்க இல்ல. திங்கட்கிழமை நான் செஞ்சது" என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை. மறுபடி சொன்னேன்.

"நிஜமாவா? என்னைக் காப்பாத்தறதுக்குச் சொல்லலையே?"

"இல்ல சார். தேதியப் பாருங்க."

அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தேதியைப் பார்த்தார். பிறகு மருமகளைப் பார்த்தார். "கேட்டியோன்னோ?" என்றார்.

மேடம் சிரிக்கவில்லை. "இதை மொதல்லயே யோசிச்சிருக்கணும் நீங்க" என்றார் என்னிடம். "ஆமாம் மேடம்" என்றேன்.

லைலோவை ஓட்டி, ஃப்ளாப்பியை எடுத்துவிட்டு ரீஸ்டார்ட் செய்தேன். நான்கு எழுத்துகளும் வந்தன. விண்டோஸ் எழுந்தது, லினக்ஸும் எழுந்தது. ரிப்போர்ட்டில் நடந்ததை எழுதிக் கையெழுத்திட்டேன்.

3. ஒரு ரூபாய்க் காசு

தெருமுனை வரை வந்ததும் மறுபடி சந்தேகம். திங்கட்கிழமையும் இப்படித்தானே எழுந்தது? பொதுத் தொலைபேசியில் காசு போட்டேன். பெரியவர் எடுத்தார்.

"சார், இன்னொரு தடவ ஆஃப் பண்ணி..."

"மூணு தரம் போட்டுப் பாத்தாச்சு. ரெண்டு குடித்தனமும் சௌக்கியம். நீ போய்க் கொழந்தயப் பாரு."

மகளுக்குக் காய்ச்சல் இல்லை.

முதலாளி ரிப்போர்ட்டைப் படித்துவிட்டு, "உன்ன எவன்மா இத்த எழுதச் சொன்னான்?" என்று கத்தினார். ஒரு மாதம் வெளிவேலைக்கு அனுப்பவில்லை. அடுத்த மாதம் மைதிலி மேடமே ஃபோன் செய்து என்னைத்தான் கேட்டார்.

புதிதாகச் சேர்பவர்களுக்கு ஒன்று சொல்வேன். வேலை முடிந்ததும் எழுந்துவிட்டது என்று மட்டும் பார்க்காதீர்கள். எதையெல்லாம் தொட்டோம் என்று எழுதி வையுங்கள். அடுத்த முறை அது நிற்கும்போது, அந்தப் பட்டியலைத்தான் முதலில் பார்க்க வேண்டும். ரிப்போர்ட்டில் 'பழுதின் காரணம்' என்ற கட்டத்துக்கு வரும்போது என் பேனா இன்றும் கொஞ்சம் தயங்கும். ஆனாலும் எழுதிவிடுவேன்.