கோச்சுக்குப் போர்த்திய பொன்னாடை

பிக்கரிங் நகரில் நான் வேலை செய்யும் வெயார்ஹவுஸில் சாமான் தூக்கும் போர்க்லிஃப்ட் வண்டி ஓட்டுபவர் ஒரு ருமேனியர். அறுபதைத் தாண்டியவர். தன் நாட்டில் உதைபந்தாட்ட முதல் பிரிவில் விளையாடியவர். முழங்கால் போனபின் கோச்சாகி, கழகம் கழகமாக மாறி, கடைசியில் மகளோடு இருக்க இங்கே வந்து சேர்ந்தார். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில், தக்காளிப்பழத்தை உப்பில் தொட்டுத் தின்றபடி, யாருடைய கதையோ போல இதையெல்லாம் சொல்வார்.

எங்கள் ஊர்ச் சங்கத்து உதைபந்தாட்ட அணிக்கு அவரைக் கூட்டிவந்தது நான்தான். எனக்கு அந்தச் சங்கமே அலுத்துப் போயிருந்தது. ஊரை விட்டு வந்தும் ஊர்ச் சண்டையை விடாத கூட்டம். ஆனால் டோர்செட் பார்க் மைதானத்தில் இறங்கியதும் மனிதரின் முகமே மாறிவிட்டது. "இந்த அணி இருக்கும்வரை நான் இன்னும் கோச்தான்" என்றார்.

அவரிடம் ஒரே ஒரு சட்டம். பயிற்சிக்கு வராதவன் விளையாட முடியாது. கோடைச் சுற்றுப்போட்டி அரையிறுதியில் சங்கத் தலைவரின் மருமகனை வெளியே இருத்திவிட்டார். தோற்றோம். வந்தது வினை.

"உந்த ஆளுக்கு எங்கட ஆக்களைப் பற்றி என்ன தெரியும்? மரியாதையா அனுப்பிவிடுவம்" என்றார் தலைவர்.

"பயிற்சிக்கு வராதவனை எப்பிடி அண்ணை இறக்கிறது?" என்றேன்.

கேட்பாரில்லை. மரியாதையாக அனுப்புவதென்றால் எங்களுக்குப் பொன்னாடைதான். ஒன்றுகூடலில் மேடையேற்றி, சால்வை போர்த்தி, மாலை போட்டு, ஆளுக்காள் புகழ்ந்து தள்ளினார்கள். செத்தவருக்கு அஞ்சலிக் கூட்டம் நடக்கிறதோ என்று எனக்கே சந்தேகம். புதுக் கோச் ஒருவரையும் ஏற்கெனவே பேசி வைத்தாயிற்று. 'இனி வரவேண்டாம்' என்பதை மட்டும் ஒருவரும் சொல்லவில்லை. எங்கள் ஆட்களுக்கு அது சொல்லாமலே விளங்கும். ருமேனியருக்கு எப்படி விளங்கும்?

"சனிக்கிழமைப் பயிற்சிக்கு அவர் வந்து நிண்டா என்ன அண்ணை செய்யிறது?"

"நீர்தானே கூட்டிக்கொண்டு வந்தனீர். நீரே சொல்லும்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சண்டை பிடிக்கத்தான் தெம்பில்லை.

சனிக்கிழமை காலை போனேன். அணி வேறு மைதானத்துக்குப் போயிருந்தது. அவர் தனியே புல்லில் பயிற்சிக்கான பிளாஸ்டிக் கூம்புகளை அடுக்கிக்கொண்டிருந்தார். இங்கிலீஷ் இருவருக்குமே அரைகுறை. அதனால் சுற்றி வளைக்காமல் சொன்னேன்: "உங்களை நிற்பாட்டிவிட்டார்கள். அந்தச் சால்வைக்கு அதுதான் அர்த்தம்."

"தெரியும். அளவுக்கு மிஞ்சிப் புகழ்ந்தால் வேலை போய்விட்டதென்று எந்தக் கோச்சுக்கும் தெரியும்."

"தெரிந்துமா வந்தீர்கள்?"

அவர் குனிந்து கூம்புகளைப் பொறுக்கத் தொடங்கினார். நானும் பொறுக்கினேன். எல்லாவற்றையும் பைக்குள் போட்டுக் கட்டிவிட்டு நிமிர்ந்தார்.

"எங்கள் நாட்டில் என்னை நிற்பாட்டிய ஒவ்வொரு முறையும் அடுத்தநாள் பேப்பரைப் பார்த்துத்தான் அறிந்தேன். இங்கேயாவது ஒருவர் நேரே வந்து சொல்வாரா என்று பார்க்க வந்தேன்."