பிரேக் சத்தத்துக்கு எழுந்த நாய்

நான் கன்டெய்னர் லாரி ஓட்டுகிறேன். திருவொற்றியூரில், துறைமுகத்துக்குப் போகும் லாரி வரிசையில் காத்துக் கிடப்பதுதான் என் பாதி வாழ்க்கை. அன்று ஆறு மணி நேரம் கழித்து முன்னால் நின்ற வண்டி நகர்ந்தது. ஆனால் என் வண்டியை மறித்து ஒரு நாய் குட்டிகளோடு படுத்திருந்தது. எவ்வளவு ஹாரன் அடித்தும் தலையைக்கூடத் தூக்கவில்லை. எரிச்சலில் இரும்புக் கம்பியோடு கீழே இறங்கினேன்.

கேனில் டீ விற்கும் அக்கா தடுத்தார்.

"இன்னா நைனா, நீங்கல்லாம் நாள் பூரா சும்மாவே ஆரன் அட்ச்சிகினு கீறீங்க. அத்தப் போயி அது நம்புமா? பிரேக்க எட்த்துவுடு. அந்த சத்தம் வந்தாதான் வண்டி நவுரும்னு குட்டிக்குக்கூட தெரியும்."

ஏறி ஏர் பிரேக்கை விடுவித்தேன். புஸ்ஸென்று காற்று வெளியேறியது. நாயும் குட்டிகளும் சட்டென்று எழுந்து ஓரமாக ஓடின.

அந்த ஓட்டம் எனக்குப் பழக்கமானது. வீட்டில் நான் எவ்வளவு கத்தினாலும் என் மகள் அசைய மாட்டாள். பெல்ட் கொக்கியின் சத்தம் கேட்டால் மட்டும் எழுந்து ஓடுவாள்.

அடிப்பதை நிறுத்தி இரண்டு வருடம் ஆகிறது. இப்போதெல்லாம் களைத்து வந்து, உடை மாற்றத்தான் பெல்ட்டைக் கழற்றுகிறேன். அவள் இன்னும் எழுந்து போகிறாள்.